திசை மாறிய இருபத்தைந்து நிமிடங்கள்: கத்திரி வெயிலில் தனியே ஒரு பழனி நடை

"சாமி, பழனி அந்தப் பக்கம்" என்று நுங்கு விற்ற அம்மா சொன்னபோது எனக்கு வந்தது கோபம். பதினோரு தைப்பூசத்துக்கு இதே சாலையில் நடந்தவனுக்கு வழி சொல்கிறாரே என்று. அவருக்குப் பதில்கூடச் சொல்லாமல் நான்கு எட்டு வைத்தேன். அவர் எழுந்துவந்து என் துண்டைப் பிடித்து இழுத்தார். அப்போது நான் பழனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலையில் புறப்பட்ட ஒட்டன்சத்திரத்தை நோக்கி இருபத்தைந்து நிமிடமாக நடந்துகொண்டிருந்தேன்.

இதை எழுத என் நினைவு மட்டும் போதவில்லை. அந்த நாளின் பதினொன்றரை மணி முதல் பன்னிரண்டரை மணி வரை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. செல்போனில் பதிவான அழைப்பு நேரங்கள், மருத்துவமனைத் தாள், என் மனைவி சொன்னது, பிறகு போய்ப் பார்த்தபோது அந்த அம்மா சொன்னது ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்துத் தைத்திருக்கிறேன்.

ஆள், வழி, நாள்

எனக்கு அப்போது வயது 49. ரத்த அழுத்தத்துக்கு தினமும் ஒரு மாத்திரை. மற்றபடி குறையில்லை, நடை பழக்கம்தான். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இரண்டு நாளில் முடிப்பதாகத் திட்டம்.

ஏன் மே மாதத்தில் என்று கேட்பவர்களுக்கு: பழனியில் சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் அக்னி நட்சத்திரக் கழுத் திருவிழா. மலையைச் சுற்றிவருவார்கள், கடம்பப் பூவைச் சூடிக்கொள்வார்கள், மலை மூலிகைக் காற்று உடம்புக்கு நல்லது என்பது நம்பிக்கை. அதற்கு நடந்தே போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்றைக் கவனிக்க மறந்துவிட்டேன். அந்தக் கழு நாட்களிலும் பக்தர்கள் மலையைச் சுற்றுவது அதிகாலையிலும் மாலையிலும்தான். உச்சி வெயிலில் சுற்ற வேண்டும் என்று வழக்கம் கேட்கவே இல்லை.

இந்தச் சாலையின் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப்பாருங்கள்: ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. சத்திரம் என்பது நடப்பவன் படுக்கும் இடம். காலாற நடந்தால் ஒருவனால் ஒரு வேளையில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. பஸ்ஸில் போகிற கண்ணுக்கு அது படுவதில்லை.

தைப்பூசத்தில் இதே வழி வேறு ஊர். பாதை ஓரமெல்லாம் அன்னதானம், மோர், சுக்குக் காபி, கால் பிடித்துவிட ஆள், மருத்துவ முகாம், முதுகில் ஒட்டிவிட ஒளிரும் பட்டையோடு போலீஸ். தை மாதத்துக் காலைப் பனி வேறு. பதினோரு முறை நடந்ததால் வழி தெரியும் என்று நினைத்தேன். தெரிந்தது தை மாதத்து வழி. கத்திரியில் பந்தல்களும் இல்லை, ஆட்களும் இல்லை. சாலையை அகலப்படுத்தியபின் பல இடங்களில் பழைய புளியமர நிழலும் இல்லை.

முதல் நாள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவன் ஆறே முக்காலுக்குக் கிளம்பினேன். பதினொரு மணிக்கு ஒரு கோயில் மண்டபத்தில் ஒதுங்கி, நாலரைக்கு மறுபடி நடந்து, இரவு எட்டரைக்கு ஒட்டன்சத்திரம் சேர்ந்தேன். விடுதியில் கிடைத்தது மொட்டைமாடிக்குக் கீழே இருந்த அறை. பகல் முழுதும் வெயில் குடித்த தளம் இரவெல்லாம் அதைக் கக்கியது. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிவிட்டது. மூன்று மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். சந்தைப் புழுதியில் தும்மல் பிடித்துக்கொண்டதால், கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

இரண்டாம் நாள்

காலை 6.20: புறப்பாடு. மறுபடி தாமதம். அன்று செவ்வாய்க்கிழமை, உப்பில்லா விரதம் எனக்கு இருபது ஆண்டுப் பழக்கம். காலையில் ஒரு டம்ளர் பால், ரத்த அழுத்த மாத்திரை, போகிற வழியில் விருப்பாட்சியில் இரண்டு மலைவாழைப்பழம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே பழம்; வாயில் போட்டதும் கரையும். அன்று முழுவதும் நான் உண்டது அவ்வளவுதான். பையில் மூன்று லிட்டர் தண்ணீர், வெறும் தண்ணீர்.

9.40: சத்திரப்பட்டி. டீக்கடைப் பெஞ்சில் முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தேன். நல்ல நிழல், பக்கத்திலேயே பஸ் நிறுத்தம். இந்த முழுச் சம்பவத்திலும் நான் தப்பித்திருக்கக்கூடிய இடம் அதுதான். கடைக்காரர், "நாலு மணிக்கு மேல் போங்கள் அண்ணே" என்றார். நான் கணக்குப் போட்டேன்: மீதி பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம். ஒன்றே முக்காலுக்கு அடிவாரம். முடித்துவிட்டே படுக்கலாம்.

அந்தக் கணக்கில் பிழை இல்லை, அதுதான் வேடிக்கை. காலை ஆறு மணிக்கு மணிக்கு நாலரை கிலோமீட்டர் நடக்கிற கால், பதினொரு மணிக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொண்டது மட்டும்தான் தப்பு.

11.05 வாக்கில் நெற்றிப்பொட்டில் வலி. கொஞ்ச நேரத்தில் முன்கையில் மயிர்க்கூச்செறிந்தது. தார் உருகுகிற வெயிலில் குளிர்கிற மாதிரி இருந்தது. அதை முருகன் அருள் என்று நினைத்தேன்; சத்தியமாகத்தான் சொல்கிறேன். கண்ணில்கூட நீர் வந்தது. அப்படிப்பட்ட வெயிலில் புல்லரிப்பு என்பது உடம்பு சூட்டை வெளியேற்றத் தடுமாறுகிறது என்பதற்கான குறி என்று மருத்துவர் பிறகு சொன்னபோது, கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

11.25: மனைவியின் அழைப்பு. ஐம்பது வினாடி பேசியிருக்கிறேன். "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். "சும்மா சும்மா போன் செய்யாதே, வந்துகொண்டுதானே இருக்கிறேன்" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. களைப்பு போலிருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார்.

அதன்பின் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். எழுந்தபோதுதான் திசை மாறியது. எப்படி என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சாலையில் நடப்பவர் வாகனங்களை எதிர்கொண்டு, வலப்பக்கமாக நடக்க வேண்டும் என்பது எங்கள் குருசாமி தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்த பாடம். முன்னால் வருகிற லாரியைப் பார்க்கலாம், பின்னால் வருவதைப் பார்க்க முடியாது. நல்ல பாடம். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது எதிர்ப்பக்கம். எழுந்தவன், வண்டிகள் என் முகத்துக்கு எதிரே வரும்படி நடந்தேன். அந்தப் பக்கத்தில் அப்படி நடந்தால் கிழக்கே, ஒட்டன்சத்திரம் பக்கம்தான் போக முடியும். நிழலும் காட்டிக்கொடுக்கவில்லை, மே மாத உச்சிப்பொழுதில் நம் ஊரில் நிழல் காலடியிலேயே சுருண்டுகிடக்கும். பழனிக்கு நடக்கிறவனுக்குக் கொடைக்கானல் மலைத்தொடர் எப்போதும் இடக்கைப் பக்கம். அன்று அது வலக்கைப் பக்கம் நின்றது. அத்தனை பெரிய மலை இடம் மாறி நிற்பதை நான் பார்க்கவில்லை. பழக்கம் வேலை செய்தது, புத்தி வேலை செய்யவில்லை.

12.05 வாக்கில் அந்த அம்மா. சற்று முன்பு நான் பழனிப் பக்கமாகப் போனதை அவர் பார்த்திருந்தார். திரும்பி வருவதையும் பார்த்தார். கால் பின்னிக்கொண்டு வந்ததாம். பணப்பையைத் தொலைத்துவிட்டுத் தேடி வருகிறேனோ என்று முதலில் நினைத்தாராம்.

பிறகு அவர் செய்ததெல்லாம் சரி. பனையோலைக் கொட்டகைக்குள் இழுத்துப் படுக்கவைத்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, நுங்கின் மேல் நனைத்துப் போட்டிருந்த கோணிச்சாக்கை அப்படியே எடுத்து நெஞ்சில் போட்டார். அந்த ஈரச் சாக்கின் வாடை இன்றும் எனக்கு மூக்கில் இருக்கிறது. மொபெட்டை நிறுத்திய ஓர் இளைஞர் குடத்துத் தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றிக்கொண்டே இருந்தார். அம்மா ஓலை விசிறியால் வீசினார். யாரோ 108க்குச் சொன்னார்கள். ஒருவர் வாயில் சோடா ஊற்ற வந்தபோது, "பேச்சு குழறுகிறது, புரையேறிவிடும், கொடுக்காதே" என்று அம்மா தடுத்தாராம்.

மருத்துவமனைத் தாளில்

அக்குளில் வெப்பநிலை 39.4 டிகிரி செல்சியஸ். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, 127. இயல்பு 135க்கு மேல் இருக்க வேண்டும். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, புத்தியும் தடுமாறினால் அது வெப்ப வாதம். என்னை அளந்ததோ இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றியபிறகு. அதுவும் உள்வெப்பத்தைவிடக் குறைத்தே காட்டும் அக்குளில். ஆகவே எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கலாம் என்றார் மருத்துவர். சோடியம் இறங்கினாலும் புத்தி தடுமாறும். இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. "ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்து பிறகு குளிர்வித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்" என்றார். வெப்ப வாதத்துக்கு முதல் மருந்து தண்ணீரும் காற்றும். காய்ச்சல் மாத்திரையால் பயனில்லை. காய்ச்சலில் மூளையே சூட்டை ஏற்றுகிறது, இங்கே சூடு வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது.

இன்னொன்று: வியர்வை நின்றுபோனால்தான் ஆபத்து என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைசிவரை எனக்கு வியர்த்தது. நடந்து சூடேறியவர்களுக்கு அப்படித்தான் பெரும்பாலும் இருக்குமாம்.

எங்கே தவறியது

தண்ணீர் குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள். இல்லை. மூன்று லிட்டரையும் குடித்து, வழியில் வாங்கியும் குடித்திருந்தேன். உப்புதான் இல்லை. வியர்வையோடு உப்பும் போகும். போனதற்குப் பதில் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். அதன் மேல் உப்பில்லா விரதம். அதன் மேல் ரத்த அழுத்த மாத்திரை. அதில் நீர் பிரியச் செய்யும் மருந்தும் கலந்திருந்தது, அது உப்பையும் கூட்டிக்கொண்டுதான் வெளியே போகும். சளிக்கென்று விழுங்கினேனே, அந்த ரக மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கக்கூடியவை. தூக்கமில்லாத இரவு வேறு. ஒவ்வொன்றும் தனித்தனியே சின்ன விஷயம். எல்லாம் ஒரே காலையில் ஓர் ஆளிடம் கூடிவிட்டன. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. நடைக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நான் காட்டவில்லை.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். நான் குளிரூட்டிய அறையில் கணக்கெழுதுகிறவன். அங்கிருந்து நேரே கத்திரிச் சாலைக்கு இறங்கினேன்.

செய்தித்தாளில் 38 டிகிரி என்று போட்டிருந்தது. அந்த 38, காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் நிழலில் வைத்த மானியில் எடுத்த அளவு. சாலையில் நடப்பவன் அந்தப் பெட்டிக்குள் நடப்பதில்லை. மேலே சூரியன், கீழே காலையிலிருந்தே காய்ந்த தார். செருப்போடு நடந்ததால் பாதம் தப்பியது; வெறுங்கால் வேண்டுதல் உள்ளவர்கள் அதை விடியற்காலைத் தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று. வெயில் முதலில் கெடுப்பது கால்களை அல்ல, கணக்கை. நிற்கலாமா, போகலாமா என்று தீர்மானிக்க வேண்டிய மூளைதான் முதலில் சூடாகிறது. கூட்டமாகப் போனால் இன்னொருவர் மூளை இருக்கிறது. தைப்பூச நடையில் குருசாமி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "வெற்றிவேல் முருகனுக்கு" என்பார். நாங்கள் "அரோகரா" என்போம். பக்திதான், சந்தேகமில்லை. ஆனால் யாருடைய குரல் தேய்கிறது என்று அவர் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "பின்னால் யாரப்பா, சத்தத்தைக் காணோம்?" என்று அவர் நிறுத்திய இடங்களில் ஒரு முறையாவது ஒருவரைப் படுக்கவைத்துக் கால் தேய்த்துவிட்டிருக்கிறோம். தனியாகப் போனபோது நானும்தான் "வெற்றிவேல்" என்றேன். அரோகராவையும் நானே சொல்லிக்கொண்டேன்.

2024 ஜூனில் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. மெக்காவில் அந்த நாட்களில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. இறந்தவர்களில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். கூடாரமும் வாகனமும் ஏற்பாட்டுக்குள் வந்தவர்களுக்குத்தான். இவர்கள் நெடுந்தூரம் வெயிலிலேயே நடந்தார்கள். ஊர் வேறு, மதம் வேறு, வெயிலும் வேறு அளவு. ஏற்பாட்டுக்கு வெளியே நடக்கிறவன்தான் விழுகிறான் என்பது மட்டும் ஒன்று. அப்பூதியடிகள் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்ததை அறம் என்று மட்டும் படித்திருந்தேன். அது வழியின் பாதுகாப்பு ஏற்பாடும்கூட.

இரவு நடை

வெயிலுக்குப் பயந்தால் இரவில் நடக்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி சரி. இரவில் சாலை லாரிகளுடையது. ஓட்டுபவரும் தூக்கத்தோடு போராடிக்கொண்டுதான் வருகிறார். தைப்பூசத்தில் சாலை நிறைய ஆள் இருப்பதால் அவர் எதிர்பார்த்து வருவார். மே மாதத்து இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆள் நடந்துவருவான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? தெருநாய்கள் வேறு, கூட்டத்தைக் கண்டு ஒதுங்குகிறவை தனி ஆளை ஒதுங்கவிடாது. நான் கண்ட நடுவழி இது: மூன்றரைக்குப் புறப்பட்டு எட்டரைக்கு நிறுத்துவது, மாலை நாலரைக்குமேல் மறுபடி இரண்டு மணி நேரம். இருட்டில் நடக்கும் இரண்டு மணி நேரமும் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று கல் பதித்த ஓரப்பாதையை விட்டு இறங்குவதில்லை. ஒளிரும் மேற்சட்டை, கையில் விளக்கு. காதில் பாட்டு கேட்கும் கருவி கிடையாது.

அடுத்த ஆண்டு

வேண்டுதல் பாக்கி இருந்ததால் அடுத்த கத்திரிக்கும் போனேன். பன்னிரண்டு நாள் முன்பிருந்தே காலை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடந்தேன். உப்பில்லா விரதத்தை ஊருக்குத் திரும்பியபின் எடுத்துக்கொள்வதாக முருகனிடம் சொல்லிவிட்டேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆறு, ஒவ்வொன்றும் சரியாக ஒரு லிட்டரில், பாதித் தண்ணீரில் கலக்கினால் கேடு. பெட்டியில் வருகிற பழச்சுவைப் பானங்களை நம்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரே கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பொட்டலம் இல்லாதபோது உப்புப் போட்ட மோர். கறுப்புக் குடை ஒன்று. நிழலைச் சுமந்துகொண்டே போகலாம். நனைத்த துண்டு கழுத்தில். திண்டுக்கல் பக்கத்து வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்கிறது, கடற்கரைப் புழுக்கத்தில் அவ்வளவு செய்யாது.

தீர்மானம் எடுக்கும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கி மனைவியிடம் கொடுத்தேன். ஏழு மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு ஓர் அழைப்பு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கக் கூடாது, அதற்கு எப்போதும் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் பதில் வரும். மலை எந்தக் கைப்பக்கம், கடைசியாகத் தாண்டிய ஊர் எது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் என்ன வருகிறது என்று கேட்க வேண்டும். தடுமாறினாலோ எரிந்து விழுந்தாலோ அங்கேயே உட்கார வேண்டும், எதிர்ப்பேச்சு கிடையாது. இரண்டு முறை எடுக்காவிட்டால் 108 அல்லது 112க்குச் சொல்ல வேண்டும். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே என்பது முந்தைய அழைப்பிலிருந்து அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலை 8.30. சத்திரப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் அழைப்பு வந்தது. "தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு..." என்று சொல்லி நின்றேன். அடுத்தது வரவில்லை. உண்மையில் ஒரு லாரி ஒலிப்பான் அடித்ததால் கவனம் சிதறியது, அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"லாரியாகவே இருக்கட்டும். உட்காருங்கள்" என்றார்.

உட்கார்ந்தேன். அரை லிட்டர் உப்புத்தண்ணீர் குடித்தபின் சத்திரப்பட்டி வரைக்கும் போக அனுமதி கிடைத்தது. அங்கே பஸ் ஏறிப் பழனிக்குப் போய் நிழலில் படுக்கச் சொன்னார். ஏறுவதற்கு முன் நிறுத்தத்துப் பக்கத்து வேம்பின் அடியில் மூன்று கல்லை அடுக்கி வைத்தேன். மாலை நாலரைக்கு எதிர்த்திசைப் பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கியபோது ஒரு கல் சரிந்திருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நடந்தேன். கொட்டகையில் அந்த அம்மா இருந்தார். மலை எந்தப் பக்கம் என்று அவரும் கேட்டார். இடக்கையைத் தூக்கிக் காட்டினேன். மூன்று நுங்கு வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.